சிற்றலைக்கு ஒரு வான்கம்பி

தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பைச் சிற்றலையிற் கேட்க விரும்பும் நேயர் பலர், குரல் தெளியாதபோது வானொலிப் பெட்டியையே குறை கூறுவர். பெரும்பாலும் பெட்டி குற்றமற்றது. அதனை வந்தடையும் அலை மெலிந்தது; கூடவே வரும் இரைச்சல் வலியது. இவ்விரண்டையும் ஓரளவு சீர்செய்ய வல்லது, ஏரியல் என வழங்கும் வான்கம்பி.

1901ஆம் ஆண்டு டிசம்பரில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த சைகையை நியூபவுண்லாந்திற் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அன்று அவருடைய கம்பியைத் தாங்கி நின்றது ஒரு பட்டம். சிற்றலை கேட்போருக்கு அத்துணை உயரம் வேண்டியதில்லை. சிற்றலைகள் மிக உயரத்திலுள்ள அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி, மேலிருந்தே வீட்டு வளவுக்குள் இறங்குகின்றன. ஆகவே 15 முதல் 20 மீற்றர் வரை நீளமுள்ள செப்புக் கம்பி, ஐந்தாறு மீற்றர் உயரத்தில் நின்றாற் போதும்.

உயரத்திலும் முக்கியமானது, கம்பி வீட்டிலிருந்து விலகி நிற்பது. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவிகளும், கணினிகளும் சிற்றலையில் இரைச்சலை எழுப்புகின்றன. கொங்கிறீற்றுச் சுவரிலுள்ள இரும்போ வெளியலையை மறைக்கின்றது. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு 2017இற் சிற்றலையிலிருந்து நின்றுவிட்டது. வேறு பல நிலையங்களும் மூடப்பட்டன. எஞ்சியவற்றைத் தேடிக் கேட்போருக்கு இரைச்சலற்ற கம்பி முன்னையிலும் தேவையாகின்றது.

கம்பியின் இரு முனைகளிலும் பீங்கான் அல்லது கண்ணாடிக் காவலி ஒன்றைப் பூட்டி, காவலியிலிருந்து கயிற்றினாற் கட்டுதல் வேண்டும். கம்பி மரத்தையோ சுவரையோ தொடலாகாது. ஒரு முனை தென்னையிற் கட்டப்படின், காற்றில் மரம் அசையும்போது கம்பி அறுந்துவிடும். அம்முனைக் கயிற்றை ஒரு கப்பியின் வழியாக விட்டு, அதன் நுனியிற் கல்லொன்றைத் தொங்கவிட்டால், மரத்தின் அசைவுக்கேற்பக் கல் ஏறி இறங்கும்.

பெட்டிக்கு வரும் இறக்கு கம்பி, மேலுறையுள்ளதாக இருத்தல் நன்று. இணைப்பை ஈயத்தாற் பற்றவைக்க வேண்டும். முறுக்கிவிட்ட இணைப்பு கடற்கரையூர்களில் விரைவிற் களிம்பேறும். சுவரினுள் நுழையுமுன் கம்பியைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டால், மழைநீர் உள்ளே வராது வளைவிலேயே சொட்டிவிடும். சிறிய கைப்பெட்டியில் நீண்ட கம்பியை இணைத்ததும் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்குமாயின், கம்பியைக் குறுக்குவதே பரிகாரம்.

இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ வான்கம்பியை ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. அறுந்து வீழ்ந்தாலும் அதனைத் தொடாத தொலைவில் அமைத்தல் வேண்டும். அருகில் மின்கம்பி செல்லுமாயின், அதற்குச் செங்குத்தான திசையில் அமைத்தால் இரைச்சலுங் குறையும்.

மற்றது மின்னல். பருவக்காற்றுகள் மாறும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இலங்கையிற் பிற்பகல் இடிமுழக்கம் மிகுதி. நேரே மின்னல் விழாவிடினும், அண்மையில் விழுந்த மின்னல் கம்பியில் மின்னழுத்தத்தை எழுப்பிப் பெட்டியையும் கேட்போரையும் தாக்கக்கூடும். வீட்டின் வெளியே இருவழி ஆளியொன்றைப் பொருத்தி, கேளாத வேளையிற் கம்பியை நிலத்தில் இறக்கிய உலோகக் கோலோடு இணைத்துவைப்பது நல்லது. ஆயினும் அது முழுக் காவலன்று. வானம் இருண்டு வரும்போதே பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இடி கேட்கத் தொடங்கியபின் கம்பியைத் தொடுவது ஆபத்து. அப்போது விலகி நிற்பதே அறிவு.

வான்கம்பி கட்ட ஒரு முற்பகல் போதும். அதனைக் கழற்றிவைக்கும் பழக்கமோ நாள்தோறும் வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்த பின்னரே, உலகத்தின் குரல்களை அச்சமின்றி வீட்டுக்குள் அழைக்கலாம்.