பின்லாந்தின் பொதுப்பள்ளி



சில நாடுகளின் பள்ளிகள் சிறந்தோங்கக் காரணம் பணம் என்பர் பலர். 2022ஆம் ஆண்டு பதினைந்து வயதினருக்கு நடைபெற்ற பன்னாட்டு பிசா தேர்வில், கணிதத்தில் வியட்நாமின் சராசரி 469. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் சராசரி 465. (வியட்நாமில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் இக்கணக்கில் வாரார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆகவே வேறு காரணமும் தேட வேண்டியுள்ளது.

பின்லாந்தின் வரலாற்றைப் பாருங்கள். 1970 வாக்கில் கூட அங்கே பிள்ளைகள் ஏறத்தாழப் பதினோரு வயதிலேயே இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் கட்டணம் செலுத்திப் பல்கலைக்கழகத்திற்கு வழிவிடும் பள்ளிக்குச் சென்றனர். ஏனையோர்க்கு அவ்வழி அடைபட்டது. பிள்ளைகளைப் பிரித்து அமர்த்துவது எத்தகையது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1968இல் சட்டம் இயற்றி, அனைவர்க்கும் கட்டணமில்லாத ஒன்பதாண்டுப் பொதுப்பள்ளியை ஏற்படுத்தினர். அது 1972இல் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் தொடங்கி, 1977இல்தான் தலைநகர்ப் பகுதியை எட்டியது. வசதி குன்றிய வடக்கிற்கே முதலுரிமை! தரம் தாழ்ந்துவிடும் என்று அங்கும் பலர் எதிர்த்தனர். அக்குரல் எந்நாட்டிலும் ஒரே விதமாகத்தான் ஒலிக்கும் போலும்.

எனினும் ஒரே கூரையின்கீழ் பிரிவினை தொடர்ந்தது. கணிதத்திலும் அயல்மொழியிலும் மாணவர்களைத் தரவாரியாகப் பிரித்தனர். கடைநிலைத் தொகுதியில் பயின்றவர்க்கு மேல்நிலைக் கல்வி கிட்டாது. 1985இல் இதனையும் ஒழித்தனர். மெல்லக் கற்போர்க்கு உதவத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அமர்த்தினர். 1979 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கே பல்கலைக்கழக முதுகலைப் பட்டம் தேவையாயிற்று. சின்ன வகுப்புதானே, யார் நடத்தினால் என்ன என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவோ 1948 முதலே உண்டு.

2001இல் வெளியான முதல் பிசா முடிவுகளில், வாசிப்புத் திறனில் பின்லாந்து முதலிடம் பெற்றது. அதனினும் நான் பெரிதாக மதிப்பது, பள்ளிக்குப் பள்ளி அங்கே வேறுபாடு மிகக் குறைவாக இருந்ததைத்தான். எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ந்தாலும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரே தரமான கல்வி கிடைத்தது.

அப்பெருமை அப்படியே நீடிக்கவில்லை. கணிதச் சராசரி 2006இல் 548, 2022இல் 484. இச்சரிவின் காரணம் பற்றி அந்நாட்டு அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அயல்நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மற்றவரைவிட வெகுவாகப் பின்தங்கியிருப்பது அவர்களுக்கு இன்று பெருங்கவலையாக உள்ளது.