கஞ்சாவும் துப்பாக்கியும்: 1787-ன் குடிமக்களிடம் கேட்கப்படும் சாட்சி

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் எழுதியிருந்தார். "கொலராடோவில் கஞ்சாவும் கடையில் விற்குது, துப்பாக்கியும் கடையில் விற்குது. இரண்டையும் ஒரே ஆள் வாங்கினா மட்டும் எப்படிங்க குற்றமாகும்?" நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேடி இன்னைக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் போய் நிற்கிற இடம்தான் வேடிக்கை. 1700-களில் அமெரிக்கர்கள் எவ்வளவு குடித்தார்கள் என்று நீதிபதிகள் கணக்குப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். 1968-ல், மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகள் நடந்த அதே ஆண்டில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்றைக்கு இருக்கிற வடிவத்தில் அது சொல்வது இது: தடை செய்யப்பட்ட போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவரோ அதற்கு அடிமையானவரோ துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. கடையில் துப்பாக்கி வாங்கும்போது 4473 என்று ஒரு படிவம் தருவாங்க. அதில் இந்தக் கேள்வி இருக்கு. பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கு: உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி கஞ்சா சட்டவிரோதம்தான். 24 மாநிலங்கள் வயது வந்தோருக்குக் கஞ்சாவை அனுமதித்திருக்கின்றன. ஃபெடரல் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படிவத்தில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

மதுவுக்கு? அந்தத் தடைப்பட்டியலிலிருந்து சாராயம், ஒயின், பீர், புகையிலை எல்லாத்தையும் சட்டமே விலக்கி வெச்சிருக்கு. தினமும் ஒரு பாட்டில் விஸ்கி காலி பண்றவர் எத்தனை துப்பாக்கி வேணும்னாலும் வாங்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர், முதுகுவலிக்கு ராத்திரி ஒரு கஞ்சா மிட்டாய் சாப்பிட்டுப் படுப்பார். அவங்க அப்பா காலத்து மான் வேட்டை ரைஃபிள் வீட்டில் இருக்கு. சட்டப் புத்தகத்தின்படி அவர் குற்றவாளி. பக்கத்து வீட்டுக் குடிகாரர் அல்ல.

இங்கேதான் வரலாறு உள்ளே வருது. 2022-ல் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு புது அளவுகோல் வைத்தது. ஒரு துப்பாக்கிச் சட்டம் நிற்கணும்னா, அது இந்த நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்று அரசு காட்டணும். இரண்டாவது திருத்தம் 1791-ல் வந்தது. அப்போ கஞ்சா புகைக்கிற பழக்கம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. வாஷிங்டன் தோட்டத்தில் சணல் கஞ்சா விளைந்தது, ஆனால் அது நாருக்கு. அதனால கஞ்சாவுக்குப் பதிலாக மதுவை எடுத்து ஒப்பிடுறாங்க.

ஒப்பிட்டா என்ன கிடைக்குது? அந்தத் தலைமுறை குடித்த குடி சாதாரணக் குடி இல்லைங்க. ஜான் ஆடம்ஸ் காலையில் எழுந்ததும் ஒரு குவளை புளித்த ஆப்பிள் சைடர் குடிப்பார். 1787 செப்டம்பரில், அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போடுவதற்கு மூன்று நாள் முன்னாடி, பிலடெல்பியாவில் வாஷிங்டனுக்கு ஒரு விருந்து. அதன் பில் இன்னும் இருக்கு: 55 பேருக்கு 54 பாட்டில் மடைரா, 60 பாட்டில் கிளாரெட், அதுக்கு மேல விஸ்கி, பீர், பெரிய பெரிய கிண்ணங்களில் பஞ்ச். 1830 வாக்கில் வயது வந்த ஒருவர் ஆண்டுக்குக் குடித்தது சுத்த ஆல்கஹால் கணக்கில் சுமார் 7 கேலன் என்று வரலாற்றாசிரியர் ரோரபா மதிப்பிட்டார். இன்றைக்கு அதில் பாதிகூடக் கிடையாது. இவங்களில் பலர் வீட்டில் துப்பாக்கி. படைப்பயிற்சி நாள்களில் கையில் துப்பாக்கியும் வயிற்றில் ரம்முமாகத்தான் கூடினாங்க.

சட்டம் ஒன்றுமே இல்லையா என்றால், இருந்தது. வர்ஜீனியாவில் 1655-லேயே குடிக்கும்போது துப்பாக்கி வெடிக்கத் தடை வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு! நம்ம ஊர் வேட்டு மாதிரிதான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கான்சஸ், மிசூரி, விஸ்கான்சின் போன்ற இடங்களில் போதையில் இருப்பவர் துப்பாக்கியோடு நடமாடத் தடை போட்டார்கள். கவனிங்க, போதையில் இருக்கும்போது. போதை தெளிந்ததும் துப்பாக்கி அவருடையதுதான். 'நீ குடிக்கிறவன், அதனால வீட்டில்கூட வைக்காதே' என்று யாரும் சொல்லவில்லை. தெற்கே ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் இதை வைத்துத்தான், பிடிபட்ட நேரத்தில் போதையில் இருந்தார் என்று நிரூபிக்கப்படாத ஒருவரின் தண்டனையை ரத்து செய்தது. அவர் காரில் துப்பாக்கியும் கஞ்சாத் துண்டுகளும் இருந்தன. போதைப் பரிசோதனையே யாரும் செய்யவில்லை. 2024 ரஹிமி தீர்ப்பில், அச்சு அசலான பழைய சட்டம் தேவையில்லை, அதே அடிப்படைக் கொள்கை இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. அதுக்கப்புறம் மறுபடி பார்த்தபோதும் அந்தத் தண்டனை நிற்கவில்லை.

அரசு என்ன சொல்லுது? அன்றைக்கு 'தீராக் குடிகாரர்' என்று ஒரு வகை இருந்தது, அவர்களை அடைத்து வைத்தார்கள், ஜாமீன் கேட்டார்கள். அடைத்தே வைக்கலாம் என்றால் துப்பாக்கியை மட்டும் வாங்கக் கூடாதா என்கிறது. வாதத்தில் சத்து இல்லாமல் இல்லை. ஆனால் தீராக் குடிகாரர் என்பது குடியால் தன் வாழ்க்கையை நடத்த முடியாமல் போனவர். அதையும் ஒருவர் விசாரித்துத்தான் முடிவு செய்தார். மாலையில் இரண்டு கிளாஸ் குடித்தவரை அப்படி யாரும் அழைத்ததில்லை. இப்படி ஒரு டெக்சாஸ் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

என் கருத்தைக் கேட்டால், இந்தச் சட்டம் ரொம்ப அகலமாக வெட்டுகிறது. அதே சமயம், குடிகாரர்களைச் சாட்சிக்கு அழைப்பதில் ஒரு கோளாறும் இருக்கு. சட்டம் எழுத உட்கார்ந்தவர்களே காலையிலிருந்து குடிக்கிறவர்கள். அவங்க யாருக்குத் தடை போடுவாங்க? சட்டம் இல்லாமல் போனதற்கு உரிமை மேல் இருந்த மரியாதைதான் காரணம் என்று எப்படிச் சொல்றது? பழக்கம் என்பதும் காரணமா இருக்கலாமே.

இன்னொன்று, குடி போதையை ஊதச் சொல்லி அளந்துவிடலாம். கஞ்சாவை அப்படி அளக்க முடியாது. அதன் தடம் உடம்பில் நாள் கணக்கில், தினசரிப் பழக்கம் என்றால் வாரக் கணக்கில் தங்கும். 'போதையில் இருக்கும்போது மட்டும் தடை' என்று சொல்வது எளிது. ராத்திரி ரோட்டில் காரை நிறுத்துகிற போலீஸ்காரர் அதை எப்படித் தீர்மானிப்பார்? 1787-ல் இதுக்கு விடை கிடையாது. இதை நாடாளுமன்றம்தான் உட்கார்ந்து எழுதணும்.

கடைசியா, கிரீன் கார்டில் இருக்கிற நம்ம ஆட்கள் சிலர் கேட்டதுக்கு ஒரு வரி. நீங்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். ஆனால் கஞ்சா விஷயம் உங்களுக்கு அந்தப் படிவத்தோடு முடியாது; மாநிலம் அனுமதித்த கஞ்சாகூட குடியுரிமை விண்ணப்பத்தில் எதிராக வரும். குடியேற்ற வக்கீலிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.