பிள்ளைகளின் கோபமும் கைக்கெட்டும் ஆயுதமும்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "ஐயா, அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே துவக்கெடுத்துச் சுடுதுகளாமே, அதுகளுக்கு என்ன கொறை?" நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

1999 ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் என்ற பாடசாலையில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஒரு ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, தாங்களும் செத்தார்கள். ஒருவனுக்கு வயது 18, மற்றவனுக்கு 17. அவர்களிடம் இருந்த 4 துவக்கில் மூன்றை 18 வயதுத் தோழி ஒருத்தி துவக்குச் சந்தையில் வாங்கிக் கொடுத்திருந்தாள். நாம் பொங்கலுக்குச் சட்டை வாங்குவது போல!

அதற்குப் பிறகு அந்த நாட்டு அரசாங்கம், 1974 முதல் 2000 வரை நடந்த 37 பாடசாலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. தாக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துவக்கை எடுத்தது சொந்த வீட்டில் அல்லது சொந்தக்காரர் வீட்டில். பெரும்பாலானவர்கள் மற்றவர்களால் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளானவர்கள். பலர் தற்கொலையை நினைத்தவர்கள். இன்னொன்றும் உண்டு, கேளுங்கள். பத்தில் எட்டுச் சம்பவங்களில் யாரோ ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரியும். அநேகமாகக் கூட்டாளிக்கு. திடீரென்று புத்தி பிசகிச் செய்த வேலை இல்லை அது.

2021இல் மிச்சிகன் மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். கைத்துவக்கை வாங்கியது தகப்பன், அதுவும் நாலு நாளைக்கு முன்னால். சம்பவம் நடந்த அன்று காலையில் அவன் துவக்குப் படம் வரைந்து, உதவி கேட்டு எழுதியிருந்ததை ஆசிரியை கண்டார். தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர்கள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. பையைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 2024இல் தாய்க்கும் தகப்பனுக்கும் 10 முதல் 15 வருடம் சிறைத்தண்டனை கிடைத்தது.

நம்ம லயத்தில் துவக்கு ஏது என்று நினைப்பீர்கள். பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்கு யார் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்ல மாட்டேன். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், பதினாலு வயதுப் பையனுக்கும் அது இருக்கிற இடம் தெரியும் என்பது இன்னொரு பக்கம்.

சில வருடத்துக்கு முன் எங்கள் பகுதிப் பையன் ஒருவன் கவ்வாத்துக் கத்தியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனான். தாய் வெளிநாட்டில், பாட்டியோடு இருந்தான். வகுப்பில் "தோட்டக்காட்டான்" என்று மாதக்கணக்கில் கிண்டல். முதல் கிழமை அவன் என்னிடம் வந்து, "சேர், நான் படிப்ப விடுறேன்" என்றான். எனக்கு அன்று சம்பளநாள் வேலை. "போடா, ஒழுங்கா படி" என்று அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம். கூட்டாளி ஒருத்தன் ஆசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கூட்டாளியை "கோள்சொல்லி" என்று லயத்திலே ஏசினார்கள். அது பெரிய பிழை.

நம் நாட்டில் 1990களில் தற்கொலை மிக அதிகம். கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. மனக்கஷ்டம் குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது குறைந்தது.

ஆகவே கத்தி, மருந்துப் போத்தல், கட்டுத்துவக்கு எங்கே இருக்கிறது என்று இன்று இரவே பாருங்கள். பூட்டு இல்லாதவர்கள் சொல்லுங்கள், வாங்கித்தர வழி பார்ப்போம். பாடசாலைக்குப் போக மாட்டேன் என்கிற பிள்ளையை அடிக்காமல் என்னிடம் கூட்டி வாருங்கள். செவ்வாய், வெள்ளி மாலை நாலரைக்குப் பிறகு ஆபிசில் இருப்பேன். சம்பளநாளிலும் வரலாம்.