வெந்த பிறகு தொடும் கை

(திருவண்ணாமலையில் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளிச் சமையலர்களுக்கும் நடந்த பயிற்சியில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஊர் சோறிடும் ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்யவே உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி பெறவேண்டும். பள்ளி நாள்தோறும் குழந்தைகளுக்குப் பரிமாறும் நமக்குப் பொறுப்பு இன்னும் அதிகம்.

"கொதிக்கிற சாம்பாரில் கிருமி செத்துப்போகுமே, பிறகு ஏன் சார் கை கழுவணும்?" என்று ஒரு சமையலர் அக்கா கேட்டார். நல்ல கேள்வி. சத்துணவு முட்டையை எடுத்துக்கொள்வோம். வேகும்போது கிருமி அழிகிறது. ஆனால் ஆறியபின் ஓட்டை உரிப்பவை நம் விரல்கள். அந்த முட்டை மறுபடி அடுப்பேறுவதில்லை. நேராகக் குழந்தையின் தட்டுக்குப் போகிறது.

1906இல் நியூயார்க் அருகே ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. அங்கே சமைத்த மேரி மல்லனுக்கு நோயின் அறிகுறியே இல்லை. உடலில் கிருமி மட்டும் இருந்தது. விசாரித்தவரின் சந்தேகம் சூடான உணவின்மேல் விழவில்லை. பச்சைப் பழம் நறுக்கிப்போட்ட ஐஸ்கிரீம்மேல் விழுந்தது.

விரலில் சீழ்ப்புண் இருந்தால் ஆபத்து வேறு வகை. அதிலுள்ள கிருமி உணவில் பெருகினால் நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் சமையலர் ஒருவர் விரல் வெட்டுக்காயத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டே முட்டை உரித்தார். பிறகு கேட்டபோது, "வேலை போயிடுமோன்னு பயந்தேன் சார்" என்றார். அன்று குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரைப் பயப்பட வைத்தது என் தவறு. காயத்தைச் சொன்னால் திட்டுவிழாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சகோதரிகளே, கழிப்பறை போய்வந்தால், பெருக்கினால், செல்போனோ காசோ தொட்டால், முட்டை உரிக்கும் முன், பரிமாறும் முன், சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்களே, காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் சமையலரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.