கணினிக்குள் ஒரு கூப்பன் முறை

பங்கீடு என்னும் சொல் மலையகத்தாருக்குப் புதியதன்று. 1942ஆம் ஆண்டு, உலக யுத்த நெருக்கடியில், இலங்கையில் அரிசிப் பங்கீடு ஆரம்பமாயிற்று. 1979இல் உணவு முத்திரை அதன் இடத்தைப் பிடிக்கும் வரையில் கூப்பன் என்பது எல்லார் வாயிலும் வழங்கிய சொல். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். பங்கீட்டில் கை வைப்பது சிறு காரியமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இன்று நான் கூற முற்படுவது கணினிக்குள் நடைபெறும் ஒரு பங்கீட்டைப் பற்றி. சரித்திரம் கற்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

பெரகலைச் சந்தியில் கொழும்புப் பாதை இரண்டாகக் கிளைக்கிறது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இப்பாதைகளின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுட் பலர் வீட்டில் கணினியைக் கண்டறியாதவர்கள். லயத்துக் காம்பராவில் புத்தகப் பையை வைக்கவே இடம் தேட வேண்டியவர்கள். அவர்கள் தட்டெழுதிய கட்டுரையும், வரைந்த படமும், செயற்றிட்ட அறிக்கையும் பாடசாலைக் கணினிக்கூடத்துப் பொது வன்தட்டு ஒன்றிலேயே இருக்கின்றன. அத்தட்டை இரண்டு மாணவர் சினிமாப் படங்களால் நிரப்பிவிட்டால், பதின்மூன்றாந் தர மாணவி ஒருத்தி தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை வைக்க இடமின்றி நிற்பாள். வீட்டிற்குப் போய் வேறு கணினியில் எழுதிக்கொள் என்று அவளிடம் சொல்ல இயலுமா?

இத்தொல்லை பல்கலைக்கழகங்களுக்கு முன்பே வந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்த யுனிக்ஸ் முறைமையில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் எல்ஸ் என்பார் வன்தட்டுப் பங்கீட்டு முறை ஒன்றை ஆக்கினார். அது 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸ் 4.2 பதிப்பில் இடம்பெற்றது. இன்று பாடசாலைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையிலும் அதே எண்ணமே வேலை செய்கிறது.

அது செயற்படும் விதத்தைத் தோட்டத்து ஆபீசைக் கொண்டு விளக்கலாம். அரிசி வேண்டிய தொழிலாளி களஞ்சியத்தைத் தாமே திறந்து அள்ளுவதில்லை. ஜன்னலருகே நின்று கேட்கிறார். கிளாக்கர் ஐயா புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் பார்த்த பின்னரே அளந்து கொடுக்கிறார்கள். கணினியிலும் எந்த மென்பொருளும் வன்தட்டைத் தானாகத் தொடுவதில்லை. பணிசெயல் முறைமையின் ஜன்னலில் நின்று, இதை எழுதித் தருக என்று கேட்கிறது. இக்கேள்விக்கு முறைமை அழைப்பு என்று பெயர். பங்கீட்டுப் புத்தகத்தைத் திறக்கத் தனி அழைப்பு ஒன்று உண்டு. லினக்ஸில் அதை குவோட்டா சீ.ரீ.எல். என்பர். என்ன செய்ய வேண்டும், எந்தத் தட்டில், யாருக்கு, எவ்வளவு என்னும் விபரங்களை அதனிடம் கொடுக்க வேண்டும். தம் இருப்பு எவ்வளவென்று பாவனையாளர் எவரும் கேட்கலாம். அளவை மாற்றும் அதிகாரமோ நிருவாகிக்கே உரியது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று மென்வரம்பு, மற்றது வன்வரம்பு. மென்வரம்பைத் தாண்டினால் வேலை நிற்பதில்லை. தவணை ஓடத் தொடங்குகிறது. வழக்கமாக அது ஏழு நாள். அதற்குள் வேண்டாதவற்றை அழித்து வரம்புக்குள் திரும்பினால் தவணையும் மறைகிறது. திரும்பாவிடில் மென்வரம்பே வன்வரம்பாகிப் புதிதாக ஒன்றையும் வைக்கவிடாது. வன்வரம்பையோ எந்நாளும் தாண்ட முடியாது. சங்கக்கடைக் கூப்பனில் இத்தகைய தாட்சணியத்திற்கு இடமிருந்ததில்லை. இயந்திரத்திடம் மனிதரிடத்துக் காணாத பொறுமை இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

தனியாளுக்குப் போலவே குழுவிற்கும் பங்கு வைக்கலாம். பதினோராந் தரத்திற்கு இவ்வளவு, நாடகக் கழகத்திற்கு இவ்வளவு என்று. குழுவின் பெயரில் ஒரு கோப்பு எழுதப்படுங்கால் தனியாள் கணக்கு, குழுக் கணக்கு இரண்டும் பார்க்கப்படும். எது நிரம்பியிருந்தாலும் மறுப்பே வரும். கோப்பு எவருடைய கோப்புறையில் கிடந்தாலும் கணக்கு அதன் உரிமையாளர் தலையிலேயே விழும். ஆகவே தோழனின் கோப்புறையில் ஒளித்துவைக்கும் தந்திரம் பலியாது. பருமனோடு கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பிடலாம். ஒரு வரிக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் குவிப்போரும் உண்டல்லவா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பங்கீட்டு வரம்பு என்பது கூரையேயன்றி, ஒதுக்கிவைத்த பாகம் அன்று. 500 கிகாபைற்றுத் தட்டில் 200 மாணவருக்குத் தலைக்கு 4 கிகாபைற்று என்று எழுதிவிட்டால் மொத்தம் 800 ஆகிறது. எல்லாரும் தம் வரம்புக்குள் இருக்கும்போதே தட்டு நிரம்பிவிடலாம். பின்னால் வருபவருக்குப் புத்தகத்தில் பங்குண்டு, களஞ்சியத்தில் அரிசியில்லை. 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் வழங்கப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். கையடக்கத் தொலைபேசியில் மீதி தெளிவாகத் தெரிந்தது; ஆயினும் ஷெட்டுக்கு பவுசர் வராத நாளில் அந்த மீதியைக் கொண்டு வண்டி ஓட்ட முடியவில்லை. தலைக்கு 2 கிகாபைற்று என்று வைத்தால் கூட்டுத்தொகை 400. மேலும் 100 கையிருப்பு. தாராளமாகத் தோன்றும் எண்ணை எழுதுவதிலும், கொடுக்கக்கூடிய எண்ணை எழுதுவதே மாணவருக்குச் செய்யும் நியாயம் என்பது என் கருத்து.

அடுத்தது மறுமொழியைக் கேட்கும் பொறுப்பு. வரம்பு முடிந்ததும் பணிசெயல் முறைமை, பங்கீடு மீறப்பட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறது. மென்பொருளை எழுதியவர் அம்மறுமொழியைப் பாராமல் விட்டிருந்தால், திரையில் மறுப்பொன்றும் தோன்றாது. பிள்ளை நிம்மதியாக வீடு செல்வாள். மறுநாள் பாதி அறிக்கைதான் இருக்கும். ஆதலால் மாணவருக்கு நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள், எழுதும் அழைப்பு ஒவ்வொன்றின் விடையையும் சோதிக்கும் பழக்கத்தை முதற் பாடத்திலேயே ஊட்டுதல் வேண்டும்.

நிருவாகியின் கணக்கிலிருந்து எழுதினால் முறைமை மறுப்பதில்லை. அவருக்கு வரம்பு செல்லாது. எனவே அதிபரின் சுற்றறிக்கைகளும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் அக்கணக்கில் குவியலாகாது. அதிபருக்கும் மாணவரைப் போல் ஒரு சாதாரணக் கணக்கு, அதற்கொரு வரம்பு. வாரத்தில் ஒரு நாள் இருப்புப் பட்டியலை அச்சிட்டுக் கணினிக்கூடத்துக் கதவில் ஒட்டுவதும் நல்லது. அதில் அதிபரின் பெயரும் இருக்கட்டும். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பதின்மூன்றாந் தரத்துக் குழுவின் வரம்பைக் கையிருப்பிலிருந்து சற்று உயர்த்திக் கொடுக்கலாம். அதற்கு ஒரேயொரு அழைப்புப் போதும்.