வளவுக்கு ஏற்ற மஞ்சள் பூ



நாங்கள் கல்முனைக் கடலோரத்திலிருந்து வந்திருக்கிறோம். எங்கள் மண் மணல், காற்றிலும் உப்பு. அங்கே வேலிக்கு மஞ்சள் பூ என்றால் பலருக்கும் கை போவது மஞ்சள் அலரிக்குத்தான். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும், ஆடு மாடு கடிக்காது. ஆடு ஏன் கடிக்கவில்லை என்று நாம் யோசிப்பதில்லை. அதன் இலை, பால், காய் எல்லாமே நஞ்சு. உள்ளே இருக்கும் விதை இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். விளையாடுற புள்ளைக்கு இது தெரியுமா?

ஆகவே, புள்ளைகள் உள்ள வளவுக்கு வேறு மஞ்சளைத் தேடுவோம். கடலோர மணலுக்குப் பூவரசு. உப்பைத் தாங்கும், காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும். மஞ்சள் செவ்வரத்தைக்கு ஒரு தடியை வெட்டி நட்டாலே போதும். உங்கள் மலைநாட்டுக் குளிருக்குச் செவ்வந்தி நல்லா வரும்.

அலரி ஏற்கெனவே நிற்கிற வீட்டார் முதலில் காய்களைப் பொறுக்கிப் புதையுங்கள்; மறுகா மரத்தையும் வேரோடு எடுங்கள். புள்ளை விதையை வாயில் வைத்துவிட்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வாந்தி வருதா என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வேலியை ஒருக்காப் பாருங்கள்.