இலைத்தூளும் கறிக்கோழியும்



கறிக்கோழி வளர்ப்பில் ஆகும் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனமோ மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் நம்பி நிற்கிறது. 2021-இல் சோயா விலை எகிறியபோது, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதிக்க வேண்டியதாயிற்று. மத்தியப் பிரதேசத்தில் விளையும் ஒரு பயிர் பல்லடத்துக் கோழிப்பண்ணையின் அடுப்பை அணைக்கும் என்றால், புரதத்துக்கு வேறு வழி தேடுவது நம் கடமை.

இந்தச் செஞ்சி மண்ணில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறது. அதன் புண்ணாக்கில் புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். ஆகவே பயறுவகைத் தீவனப் பயிர்களின் இலைகளையும் பார்க்கிறோம்: வேலிமசால், குதிரைமசால், சூபாபுல், கொடிக்காலில் வெற்றிலைக்குத் துணை நிற்கும் அகத்தி. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கீழே கிடக்கும் மானாவாரி ஓரங்களில் சூபாபுல் தானே தழைக்கும். வேலிமசாலுக்குக் கொஞ்சம் பாசனம் கிடைத்தால் விதைத்த 90-ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. உலர்ந்த சூபாபுல் இலையில் புரதம் 20 விழுக்காட்டுக்கும் மேல். கோழியின் தோலுக்கு மஞ்சள் நிறம் தரும் நிறமிகளும் உண்டு.

இனிச் சங்கடமான பகுதி. சூபாபுல் இலையிலுள்ள மைமோசின் என்னும் நஞ்சு ஆடுமாடுகளின் அசையூண் இரைப்பையில் வாழும் சில நுண்ணுயிர்களால் சிதைக்கப்படுகிறது. கோழிக்கு அந்த இரைப்பையே இல்லை. குதிரைமசாலில் சப்போனின் என்னும் தீங்குப்பொருள். எல்லா இலைக்கும் பொதுவாக நார். நார் கூடினால் எரிசக்தி குறையும். மக்காச்சோளம் தரும் எரிசக்தியில் பாதிகூட இலைத்தூள் தராது. மெத்தியோனினும் போதாது. சோயாவை முழுதாக ஒதுக்கிவிட்டு இலையை வைக்கலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தண்டு நீக்கி, நிழலில் உலர்த்தி, நுணுக்கி அரைத்த இலைத்தூளை, குஞ்சுப் பருவம் கடந்த கோழிக்கு 5 விழுக்காட்டு அளவில் சேர்ப்பது வரை பேசலாம். அதற்கு மேல் போனால் எடை குறையும் என்ற எச்சரிக்கையோடுதான் நாம் ஆய்வைத் தொடங்க வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. இன்று தமிழ்நாட்டுக் கறிக்கோழியில் பெரும்பகுதி ஒப்பந்தப் பண்ணைகளில் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தருகிறது. பண்ணையாளர் பெறுவது வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன சேர்ப்பது என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. அவர் தோட்டத்தில் வேலிமசால் எவ்வளவு தழைத்தாலும் அது அவர் வளர்க்கும் கோழியின் தொட்டிக்கு வராது. அப்படியானால் இங்கே வாசிக்கப்படும் நம் கட்டுரைகள் யாருக்காக? ஒன்று, இலையை உழவரிடம் விலைக்கு வாங்கத் தீவன ஆலைகள் முன்வர வேண்டும். அல்லது சொந்த முதலில் சிறு அளவில் வளர்ப்பவரையும், நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்களையும் கருதி ஆய்வு நடக்க வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படும் கணக்கு வெவ்வேறு.

ஆதலால் கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். தீவனத்தை உடல் எடையாக மாற்றும் திறனைச் சொல்லும்போதே, ஒரு கிலோ உயிர் எடைக்கு ஆன செலவையும், அதில் இலையை அறுத்து உலர்த்தியவரின் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பண்ணையாளர்கள் இடைமறித்துக் கேட்கட்டும்; நேரம் தருகிறேன். இலை உலர்த்தல் பற்றிய முதல் அமர்வைத் தொடங்கலாம்.